மைதானத்தைக் கொடுங்கள்... மாற்று இடம் தருகிறேன்!

முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி.

நீங்கள் தினமும் சாயங்காலம் விளையாடும் மைதானம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிரிக்கெட் நடக்கும். ஓரத்தில் கில்லி, பாண்டி. வேப்பமர நிழலில் தாத்தாக்கள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். ஒரு நாள் ஒருவர் வருகிறார். "இந்த இடத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள். இதைவிட இரண்டு மடங்கு பெரிய இடத்தை உங்களுக்குத் தருகிறேன்" என்கிறார்.

கொடுக்கலாமா, கூடாதா?

"இரண்டு மடங்கா? உடனே கொடுத்துவிடலாம்!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பெரிய இடம் எங்கே இருக்கிறது? அங்கே வேப்பமரம் உண்டா? உங்கள் தங்கை தனியாக நடந்து போக முடியுமா? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மைதானத்தைக் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டியது யார்?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. உலகத்தில் பல ஊர்களின் மன்றங்களில் இதே கேள்வி வந்திருக்கிறது. சில ஊர்களில் மக்கள் ஜெயித்தார்கள். சில ஊர்களில் பூங்காவே காணாமல் போய்விட்டது! அந்தக் கதைகளைத் தெரிந்துகொள்ள நாம் ஒரு சின்ன ஊரிலிருந்து கிளம்பப் போகிறோம். ஏனென்றால், நிலம் கைமாறிய கதை அந்த ஊரிடம் ஆயிரம் வருஷமாக இருக்கிறது!

யானை நடந்து காட்டிய எல்லை

அந்த ஊர் திருவாலங்காடு. திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது. பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஆல், காடு... அதாவது ஆலமரக் காடு! இங்குள்ள கோவிலில் இறைவன் பெயர் வடாரண்யேஸ்வரர். 'வடம்' என்றால் ஆலமரம். 'ஆரண்யம்' என்றால் காடு. நடராஜர் நடனமாடிய ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தினசபை இதுதான். காரைக்கால் அம்மையார் பாடிய தலமும் இதுவே.

1905ம் ஆண்டு இந்த ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. தங்கமோ வைரமோ இல்லை. 31 செப்பேடுகள்! பெரிய வளையத்தில் கோர்த்து, சோழர் முத்திரை பதித்த செப்பேடுகள். முதலாம் ராஜேந்திர சோழனின் ஆறாவது ஆட்சி ஆண்டில், அதாவது சுமார் 1018ம் ஆண்டில், பக்கத்து ஊரான பழையனூரைத் திருவாலங்காடு கோவிலுக்குக் கொடுத்ததை அவை சொல்கின்றன. சோழ மன்னர்களின் பரம்பரை வரலாறும் அவற்றில் இருக்கிறது. அதனால் சரித்திர ஆசிரியர்களுக்கு இந்தச் செப்பேடுகள் என்றால் உயிர்!

நமக்கு இதில் சுவாரஸ்யமான விஷயம் வேறு. அந்தக் காலத்தில் ஒரு நிலம் கைமாறினால், அரண்மனைக்குள் உட்கார்ந்து ஓலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. ஒரு பெண் யானையை நிலத்தின் எல்லையைச் சுற்றி நடக்க விடுவார்கள். அதிகாரிகளும் ஊராரும் கூடவே நடப்பார்கள். யானை நடந்த வழியில் கல் நடுவார்கள். கள்ளிச் செடி வைப்பார்கள். எந்தப் பக்கம் எந்த ஏரி, எந்த வாய்க்கால், யார் வயல் என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள்.

எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? யானை நடந்தால் ஊரே வந்து வேடிக்கை பார்க்கும் அல்லவா? சின்னப் பிள்ளைகள்கூட, "எங்க ஊர் எல்லை இதுதான், நானே பார்த்தேன்" என்று சொல்வார்கள். நிலம் கைமாறுவது ஊரறிய நடக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இது நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது!

மாநிலங்களே செய்த பண்டமாற்று

இந்தப் பகுதிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1960ம் ஆண்டு வரை திருத்தணி ஆந்திராவில் இருந்தது. ஆமாம்... சித்தூர் மாவட்டத்தில்!

தெலுங்கு பேசும் மக்களுக்காக 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, எல்லையில் இருந்த தமிழ் ஊர்கள் சில அந்தப் பக்கம் போய்விட்டன. ம.பொ.சிவஞானம் போன்றவர்கள் போராடினார்கள். இரண்டு மாநிலங்களும் பேசி முடிவுக்கு வர, எச்.வி.படாஸ்கர் என்பவர் நடுவராக இருந்தார். நாடாளுமன்றத்தில் 1959ல் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1ம் தேதி திருத்தணிப் பகுதி தமிழகத்துக்கு வந்தது. அதற்கு மாற்றாக அப்போதைய செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களில் இருந்த சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின.

பார்த்தீர்களா? நிலப் பரிமாற்றம் என்றாலே தப்பு என்று சொல்லிவிட முடியாது. இங்கே இரண்டு பக்கமும் பேசினார்கள். நடுவர் ஒருவர் இருந்தார். எந்தக் கிராமம் எங்கே போகிறது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படி எதுவும் இல்லாமல், பொது இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை நழுவினால் என்ன ஆகும்? அதைப் பார்க்கத் திருவாலங்காட்டில் ரயில் ஏறுவோம், வாருங்கள்!

காணாமல் போன பூங்கா

திருவாலங்காடு ரயில் நிலையத்தில் சென்னை செல்லும் மின்சார ரயிலைப் பிடித்தால், சுமார் 60 கி.மீ. பயணம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கடைசி நிலையம். அதன் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். அங்கே இறங்கி நில்லுங்கள். உங்கள் காலுக்குக் கீழே ஒரு பெரிய பூங்கா புதைந்து கிடக்கிறது!

சென்னையின் கவர்னராக 1859ல் வந்தவர் சர் சார்லஸ் டிரவெல்யன். நெரிசல் மிகுந்த நகரத்து மக்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். அப்படி உருவானதுதான் 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது மக்கள் பூங்கா. பரப்பளவு 116 ஏக்கர். பெரிய கிரிக்கெட் மைதானங்கள் 25ஐ அதற்குள் வைத்துவிடலாம்! பதினொரு குளங்கள், வளைந்து செல்லும் பாதைகள், பாண்டு வாத்திய மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் அங்கே இருந்தன.

பிறகு என்ன ஆயிற்று? 1880களில், "ஊருக்கு ஒரு கூட்ட அரங்கம் வேண்டாமா?" என்றார்கள். பூங்காவில் ஒரு பகுதியில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. அடுத்து, "நல்ல மார்க்கெட் வேண்டுமே!" என்றார்கள். 1900ம் ஆண்டு மூர் மார்க்கெட் வந்தது. பிறகு மாநகராட்சிக்கே ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. 1913ல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. அப்புறம் விளையாட்டு அரங்கம். இன்று அங்கே நேரு ஸ்டேடியம் நிற்கிறது.

மிருகக்காட்சி சாலைக்கு இடம் போதவில்லை. சுற்றிலும் ஒரே சத்தம். 1985ல் அது வண்டலூருக்குப் போனது. அதே 1985ல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போய், இன்றைய புறநகர் ரயில் நிலையமாக மாறியது. கடைக்காரர்களுக்கு மாற்று இடமாகக் கிடைத்த வளாகத்தின் பெயர் என்ன தெரியுமா? அல்லிக்குளம்! குளம் இப்போது பெயரில் மட்டும்தான்.

இந்தக் கதையில் வில்லன் யாராவது இருக்கிறார்களா? தேடிப் பாருங்கள். அரங்கம் நல்லதுதான். மார்க்கெட் தேவைதான். மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டும்தான். ரயில் நிலையம் இல்லாவிட்டால் நாமே வந்திருக்க முடியாது! ஒவ்வொரு முறையும் கேட்டவர்கள் நல்ல காரியத்துக்குத்தான் கேட்டார்கள். "ஓர் ஓரம்தானே?" என்று கொடுத்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும், நூறு வருஷத்தில் 116 ஏக்கர் பூங்கா கரைந்துவிட்டது. மை லேடீஸ் கார்டன் போல ஒரு சின்னத் துண்டுதான் மிச்சம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வண்டலூருக்குப் போன மிருகங்களுக்கு அது நல்ல மாற்றம். நெரிசலான கூண்டுகளை விட்டு, ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான காட்டுப் பகுதிக்குப் போயின. ஆனால், பூங்காவைச் சுற்றிக் குடியிருந்த பிள்ளைகளுக்கு? சிங்கம், புலியைப் பார்க்கச் சுமார் 30 கி.மீ. போக வேண்டியதாயிற்று. ஒரே பரிமாற்றம் ஒருவருக்கு லாபமாகவும் இன்னொருவருக்கு நஷ்டமாகவும் இருக்கலாம்!

சாவி வைத்திருப்பவர் சொந்தக்காரரா?

"பூங்கா மாநகராட்சியின் இடம்தானே? அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம்.

கோவில் நகைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி அறங்காவலரிடம் இருக்கும். அதற்காக நகை அவருடையதா? இல்லை. பத்திரமாகப் பார்த்துக்கொள்வது மட்டுமே அவர் வேலை. பூங்காவும் அப்படித்தான். நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி எல்லாம் சாவி வைத்திருப்பவர்கள். சொந்தக்காரர்கள் ஊர் மக்கள். அதில் நீங்களும் உண்டு. இனிமேல் பிறக்கப்போகும் பாப்பாக்களும் உண்டு!

இதை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு என்று ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். அங்கு குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள்.

கஷ்டமான கேள்விதான். மருத்துவமனை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? 1991 ஜூலையில் நீதிபதிகள் டி.கே.தொம்மன், ஆர்.எம்.சஹாய் இருவரும் தீர்ப்பு சொன்னார்கள். மருத்துவமனை நல்லதுதான். ஆனால், பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் தனியார் மருத்துவமனை வரக் கூடாது. பூங்காவில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். காசு கேட்க மாட்டார்கள். பூங்கா என்பது மக்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட பரிசு. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

மன்றமே தீர்மானம் போட்டால்?

லக்னோவில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே அமினாபாத் கடைவீதிக்கு நடுவில் ஜண்டேவாலா பூங்கா இருக்கிறது. 'ஜண்டா' என்றால் கொடி. சுதந்திரப் போராட்ட காலத்தில் கூட்டங்கள் நடந்த இடம். 1990களில் லக்னோ மாநகராட்சி, அந்தப் பூங்காவுக்குக் கீழே பூமியைத் தோண்டி கடைகள் கட்டத் தீர்மானம் போட்டது. டெண்டர் எதுவும் விடாமல் ஒரு தனியார் நிறுவனத்திடம் வேலையையும் கொடுத்துவிட்டது. "மேலே பூங்கா, கீழே கடை... இதில் என்ன நஷ்டம்?" என்பது அவர்கள் வாதம்.

யோசித்துப் பாருங்கள். கீழே கான்கிரீட் கூரை இருந்தால், மரம் எங்கே வேர் விடும்? மழைத் தண்ணீர் எங்கே இறங்கும்?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டடமும் கிட்டத்தட்ட எழும்பிவிட்டது. அதனால், "இவ்வளவு செலவு செய்துவிட்டோமே" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். 1999ல் தீர்ப்பு வந்தது. கட்டியதை அகற்றுங்கள், பூங்காவைப் பழையபடி திருப்பிக் கொடுங்கள்! மன்றத்தில் கை தூக்கித் தீர்மானம் போட்டுவிட்டால் மட்டும் போதாது. அது மக்கள் நன்மைக்கான தீர்மானமாகவும், சட்டப்படி நடந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த வழக்கு உதாரணம்.

ஆறு வருஷம் காத்திருந்த பிள்ளைகள்

சரி, நிலத்துக்கு நிலம் என்று நிஜமாகவே மாற்றிக்கொண்ட நகரம் உண்டா? உண்டு. அமெரிக்காவின் நியூயார்க்!

அங்கே பிராங்ஸ் என்ற பகுதியில் யாங்கீ ஸ்டேடியம் என்ற புகழ்பெற்ற பேஸ்பால் மைதானம் இருக்கிறது. பழைய ஸ்டேடியத்துக்கு எதிரே புதிதாக ஒன்று கட்ட விரும்பினார்கள். ஆனால், அந்த இடத்தில் மேகோம்ஸ் டேம், முல்லாலி என்ற இரண்டு பூங்காக்கள் இருந்தன. 20 ஏக்கருக்கு மேல் பரப்பு; பெரிய பெரிய மரங்கள்; ஓட்டப்பந்தயத் தடம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான் மைதானம்.

"இந்தப் பூங்காக்களைக் கொடுங்கள். மாற்றுப் பூங்காக்கள் தருகிறோம்" என்று பேச்சு நடந்தது. நியூயார்க் மாநிலத்தில் பூங்கா நிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்க, நகர மன்றம் மட்டும் சம்மதித்தால் போதாது. மாநிலச் சட்டமன்றமும் சம்மதிக்க வேண்டும். 2005ல் சட்டமன்றம் சரி என்றது. 2006 ஏப்ரலில் நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. பெரும்பாலான உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். எதிர்த்த மக்கள் நீதிமன்றம் போனார்கள். வெற்றி கிடைக்கவில்லை.

2006ல் வேலை தொடங்கியது. 2009ல் புது ஸ்டேடியம் ஜம்மென்று திறக்கப்பட்டது. மாற்றுப் பூங்காக்கள்? சில ஆற்றங்கரையில், நடந்து போகத் தூரமான இடத்தில். ஒன்று கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில், செயற்கைப் புல்லுடன்! பழைய ஸ்டேடியத்தை இடித்த இடத்தில் பெரிய விளையாட்டுத் திடல் வந்தபோது, வருஷம் 2012. அதாவது ஆறு வருஷம்!

2006ல் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். புதுத் திடல் திறந்தபோது அவன் பள்ளிப் படிப்பையே முடிக்கும் வயதில் இருந்தான். திடல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அவன் விளையாட வேண்டிய சாயங்காலங்களை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

நம் சென்னையிலும் இதே போல ஒன்று நடந்தது. ஷெனாய் நகரில் உள்ள திரு.வி.க. பூங்காவை 2011ல் மெட்ரோ ரயில் வேலைக்காக மூடினார்கள். பூமிக்கு அடியில் ரயில் நிலையம் வந்தது. ஊருக்கு ரொம்பவும் உபயோகமான ரயில். பூங்காவும் புதுப்பொலிவோடு திரும்பி வந்தது. எப்போது? 2023ல்!

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஆக, மாற்று இடம் தருகிறேன் என்று யார் சொன்னாலும், "முடியவே முடியாது" என்று கத்தவும் வேண்டாம். "சரி சரி" என்று தலையாட்டவும் வேண்டாம். இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. எங்கே? ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் இருந்தாலும், எட்டு வயதுப் பிள்ளை நடந்து போக முடியாவிட்டால் அது அவனுக்கு இல்லாத இடம்தான்.

2. எப்படிப்பட்ட இடம்? அளவு மட்டும் பார்க்கக் கூடாது. நிழல் தரும் மரம் உண்டா? மழை பெய்தால் தண்ணீர் தேங்குமா? ஒரே இடமா, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகளா? ஒரு பெரிய ஆலமரத்துக்குப் பதில் நூறு கன்றுகள் நட்டாலும், அவை நிழல் தரப் பல வருஷம் ஆகும்.

3. எப்போது? புது இடம் தயாரான பிறகு பழையதைக் கொடுப்பதா, முதலில் பழையதைக் கொடுத்துவிட்டுப் பிறகு காத்திருப்பதா? நியூயார்க் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்!

4. யாரைக் கேட்டார்கள்? தினமும் அந்த இடத்துக்கு வருகிறவர்களிடம் கேட்டார்களா? பந்து விளையாடுபவர்கள், நடக்க வரும் பாட்டிகள், மரத்தடியில் பூ விற்கும் அக்கா... எல்லோரிடமும் கேட்டார்களா? யானை நடந்தது போல, ஊரறிய நடந்ததா?

5. சொன்ன சொல்லுக்கு யார் பொறுப்பு? மாற்று இடம் தருகிறோம் என்ற வாக்குறுதி எங்கே எழுதியிருக்கிறது? தராவிட்டால் யாரைக் கேட்பது?

ஐந்தாவது கேள்வி கேட்கும்போது மறுபடி திருவாலங்காடு ஞாபகம் வருகிறது. 'நீலிக் கண்ணீர்' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அது பழையனூர் நீலி கதையில் வருவது. பேயான நீலி, மனைவி போல வேஷம் போட்டு ஒரு வணிகனைத் துரத்தி வருகிறாள். அவன் பழையனூர்ச் சபையில் அடைக்கலம் கேட்கிறான். "பயப்படாமல் அவளோடு தங்கு. உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்கிறார்கள் அங்கிருந்த எழுபது வேளாளர்கள். இரவில் நீலி அவனைக் கொன்றுவிடுகிறாள். எழுபது பேரும் சொன்னபடியே தீயில் இறங்கினார்கள் என்பது கதை.

இன்றைக்கு எந்த மன்ற உறுப்பினரும் தீயில் இறங்க வேண்டாம்! ஆனால், சபையில் சொன்ன சொல் என்பது விளையாட்டு இல்லை என்பதை அந்தக் கதை ஆயிரம் வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

நம் ஊரில் என்ன சட்டம்?

தமிழகத்தில் பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி அமைப்புகள் தங்களிடம் உள்ள பூங்கா, மைதானங்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். அரசின் முன் அனுமதி இல்லாமல் அவற்றை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. புதிதாகப் பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்களும் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளிக்கு விட வேண்டும். உங்கள் நகரில் 'பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம்' என்று பலகை பார்த்தால், அது இப்படி வந்ததாக இருக்கலாம்.

"எங்கள் கிராமத்தில் பூங்காவே இல்லையே!" என்கிறீர்களா? ஏரி, குளம், மந்தைவெளி, களத்துமேடு... இவைதான் கிராமத்தின் பொது இடங்கள். பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் குளத்தைச் சிலர் மண் கொட்டி நிரப்பி வீடு கட்டிவிட்டார்கள். நிலத்தின் விலையைக் கட்டிவிட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று ஓர் அதிகாரி சொன்னார். 2011ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குளம் பணத்துக்கு மாற்றும் பண்டம் இல்லை, ஊருக்கே திருப்பிக் கொடுங்கள் என்றது. நாடு முழுவதும் இப்படி ஆக்கிரமித்த கிராமப் பொது நிலங்களை மீட்கவும் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது.

உங்களுக்கும் வேலை இருக்கிறது!

திருவாலங்காட்டில் இரண்டு சபைகளைப் பார்த்தோம். ஒன்று ரத்தினசபை. இன்னொன்று கதையில் வந்த பழையனூர்ச் சபை. மூன்றாவதாக ஒன்று எல்லாக் கிராமத்திலும் இருக்கிறது. அதுதான் கிராம சபை! வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1... காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு 18 வயது ஆகும்வரை ஓட்டு இல்லை. அதனால் என்ன? ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் வரும் பொது இடங்களை எல்லாம் வரைபடமாகப் போடுங்கள். மைதானம், குளம், பூங்கா, கோவில் முன் திடல்... ஒன்றையும் விடாதீர்கள். எத்தனை மரம், யார் யார் வருகிறார்கள், எந்த நேரம் வருகிறார்கள் என்று எழுதுங்கள். "உங்க சின்ன வயசுல இங்க என்ன இருந்துச்சு?" என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, அதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு அம்மாவோ அப்பாவோ போகும்போது அந்த நோட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் காட்டலாம். நாளைக்கு யாராவது, "அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது?" என்று கேட்டால், "சும்மா கிடக்கவில்லை! தினமும் சாயங்காலம் 42 பேர் விளையாடுகிறோம், 11 மரம் இருக்கிறது, 6 தாத்தாக்கள் பேப்பர் படிக்கிறார்கள்" என்று எண்ணிச் சொல்ல ஆள் வேண்டுமே!

இப்போது எல்லைகளில் யானை நடப்பதில்லை. அந்த வேலையை நீங்கள் செய்யலாமே, குட்டீஸ்! இந்த ஞாயிற்றுக்கிழமையே நண்பர்களோடு உங்கள் ஊர்ப் பொது இடத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள்.